ஆள் இருந்த சுவடே இல்லாமல்

போன் வந்தபோது பளிச்சக்கா, தான் வேலை பார்க்கும் ஓட்டலின் நான்காம் மாடி அறை ஒன்றில் மெத்தை விரிப்பின் மூலையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் போனை எடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் இது தத்தெடுப்பு அலுவலகத்து அதிகாரியின் எண். அந்த எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வராதா என்று நான்கு வருஷமாகத் தவம் கிடந்தவள், விரிப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன்மா. வெளியூர்லேருந்து குழந்தையும் கூட வருவா."

பளிச்சக்கா பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பதினேழு வருஷ வேலையில், விருந்தினர் கட்டிலில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பொண்ணு. ஆறு வயசு," என்றார் அதிகாரி. "ஏற்கெனவே ரெண்டு வீட்ல கொஞ்ச கொஞ்ச நாள் இருந்துட்டு, சரிப்பட்டு வராம திரும்பி வந்தவ. அதனால இந்தத் தடவ நான் அவசரப்படப் போறதில்ல. அவளுக்குப் பிடிக்கணும். பிடிச்சா மேற்கொண்டு பேசலாம். பிடிக்கலேன்னா நீங்க வருத்தப்படக் கூடாது. ஆங், இன்னொண்ணு. தூசு பட்டா அவளுக்கு இளைப்பு வரும். வீடு சுத்தமா, காத்தோட்டமா இருக்கட்டும்."

சுத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் பளிச்சக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாட்டுப் பாடிக் காட்டு, கதை சொல்லிக் காட்டு என்று கேட்டிருந்தால் திண்டாடிப் போயிருப்பாள். சுத்தமா? அது அவள் பேட்டை. அந்த ஓட்டலின் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் அவள். ஓர் அறையை இருபத்திரண்டு நிமிஷத்தில் புது அறையாக்கிவிடுவாள். அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர் வைத்ததே கூட வேலை செய்கிற பெண்கள்தான். இன்று அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவர்களில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

மூன்று நாள் லீவு கேட்டாள். மேனேஜர் பதறிப்போய், "ஏன், உடம்புக்கு என்ன?" என்றார். பளிச்சக்காவுக்கு வாயெல்லாம் பல். பதில் சொல்லாமலே ஓடிவந்துவிட்டாள்.

இனி ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஊரார் அறையை எல்லாம் கண்ணாடி மாதிரி வைத்திருந்த பளிச்சக்காவின் சொந்த வீடு, பார்க்கச் சகிக்காது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு பால்கனி. நாளெல்லாம் துடைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்குத் துடைப்பத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். போதாக்குறைக்கு அவள் வீட்டுக்காரர் வேறு. அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரர், மனுஷன் தங்கம், ஆனால் ஒரு துருப்பிடித்த திருகாணியைக்கூட வெளியே விட மனசு வராது. மாடிக்கு மாடி கழற்றிப்போட்ட ஒயர், பட்டன், பேரிங் எல்லாவற்றையும் குழந்தையைத் தூக்கிவருவது மாதிரி வீட்டுக்குத் தூக்கி வருவார். குழந்தைக்கென்று ஒதுக்கிய இரண்டாவது அறை, நான்கு வருஷத்தில் அவருடைய கிடங்காக மாறியிருந்தது.

வியாழக்கிழமை காலை பளிச்சக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தாள். ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்தாள்.

"இதென்ன?"

"ரிமோட்டு," என்றார் லிஃப்ட்காரர்.

"பதினொண்ணு இருக்கு. எதுக்கு?"

"டிவிக்குத்தான்."

"எந்த டிவிக்கு?"

அவர் தாடையைச் சொறிந்தார். "பழைய டிவிக்கு."

"அந்த டிவி எங்க?"

"அது போயி ஏழு வருஷம் ஆச்சே."

"அப்ப இது?"

"திடீர்னு தேவப்பட்டா என்ன பண்ணுவ?"

பளிச்சக்கா பெட்டியை மூடினாள். இடுப்பில் கைவைத்து ஒரு பார்வை பார்த்தாள். பதினேழு வருஷத்தில் எத்தனையோ புது வேலைக்காரிகளை அடக்கிய பார்வை அது. லிஃப்ட்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

நடை நேரே கீழ் மாடிக்குத்தான். அங்கே அவர் தங்கை இருந்தாள், அதாவது பளிச்சக்காவின் நாத்தனார். மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்று நின்று யாருக்கும் பயப்படாத வாய் வந்துவிட்டவள். தூக்கிப் போடலாமா வேண்டாமா என்று முடிவாகாத சாமான் எல்லாம் அவள் வீட்டுக்கு இறங்கின. சாயங்காலத்துக்குள் அவள் ஹாலில் நடக்க இடமில்லை.

"அண்ணி, என் வீட்ட என்ன உங்க குப்பைக்கு ஹாஸ்டலாக்கிட்டீங்களா?" என்று படிக்கட்டில் நின்று கத்தினாள்.

"சனிக்கிழம வரைக்கும்தான். கொஞ்சம் பொறுத்துக்க."

"பொறுத்துக்கறேன். ஆனா அத்தைன்னு மொதல்ல என்னைத்தான் கூப்பிடணும், சொல்லிட்டேன்!" என்று சொல்லிவிட்டு, அவளே ஒரு வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவந்தாள்.

மூன்று பேருமாகச் சேர்ந்து அந்த அறையின் பெரிய பீரோவை நகர்த்தினார்கள். நகர்த்தியதும் மூவருமே வாயைப் பிளந்தார்கள். பின்னால் ஒரு ஜன்னல்! குடிவந்த அன்று அவசரத்தில் பீரோவை அங்கே நிறுத்தியதோடு சரி. ஜன்னல் இருந்ததையே ஒன்பது வருஷமாக மறந்துபோயிருந்தார்கள். சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. பளிச்சக்கா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அதைச் சுரண்டிக் கழுவித் துடைத்தாள். லிஃப்ட்காரர் கீல்களுக்கு எண்ணெய் விட்டு, தோளால் இரண்டு இடி இடித்தார். கதவு படாரென்று திறந்தது. வெளிச்சம் தரையில் விழுந்து மறு சுவர் வரைக்கும் ஓடியது. காற்று உள்ளே புகுந்து, ஹாலைத் தாண்டி, பால்கனி வழியாக வெளியே போயிற்று. இப்படி ஒரு வழி அந்த வீட்டுக்குள் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை லிஃப்ட்காரர் சமையலறைக்கு ஓடிவந்தார். "ஏம்மா! நான் இன்னிக்குத் தும்மவே இல்ல!"

அவர் தினமும் எழுந்ததும் எட்டுத் தும்மல் போடுகிறவர். ஏழோடு நின்றால் பளிச்சக்காவே எட்டாவதுக்குக் காத்திருப்பாள். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. பளிச்சக்காவுக்கும் தலைபாரம் காணோம். நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்திருந்தும் உடம்பு இறகாக இருந்தது. இருவரும் அடுப்பங்கரையில் நின்று சின்னப் பிள்ளைகள் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார்கள்.

"அவளுக்கு இளைப்பே வராது பாருங்க," என்றாள் பளிச்சக்கா. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இது நழுவினால் இன்னொரு அழைப்புக்கு எத்தனை வருஷம் ஆகுமோ, வருமோ வராதோ. அந்த நினைப்பு தலைதூக்கும்போதெல்லாம் இன்னொரு தடவை தரையைத் துடைத்தாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. சனிக்கிழமை வேலை எல்லாம் முடிந்துவிட்டது. நாலு மணி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடிந்தால்தானே? கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பழகிய கை பழகிய வேலைக்குப் போயிற்று.

ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு. புதுப் பெண்களுக்கு முதல் நாள் பளிச்சக்கா சொல்லித் தருவதும் அதைத்தான். முன்னால் தங்கியவர் இருந்த சுவடே அடுத்து வருகிறவருக்குத் தெரியக் கூடாது. தலையணையில் ஒரு முடி கிடந்தால் போதும், அறை முழுவதும் அழுக்கு என்றே வருகிறவர் நினைப்பார். கடைசியாக வாசலில் நின்று, வருகிறவர் கண்ணால் பார்க்கவேண்டும்.

பளிச்சக்கா தன் வீட்டு வாசலில் நின்று, வருகிறவர் கண்ணால் பார்த்தாள். எங்கு பார்த்தாலும் சுவடு! சுவரில் பால்காரர் கொடுத்த காலண்டர். அதில் வீட்டுக்காரர் கிறுக்கிய கிறுக்கல். கழற்று. பிரிட்ஜில் ஒட்டிய சீட்டுகள், கல்யாணப் போட்டோ, தண்ணீர் பாட்டிலில் வளர்ந்துகொண்டிருந்த கொடி. எடு. நாற்காலி முதுகில் அவர் சட்டை, வாசலில் செருப்பு, கழுவுதொட்டி மேல் இரண்டு பல் பிரஷ், ஒன்று மயிர் பரந்தது. உள்ளே தள்ளு. எல்லாம் மூட்டை மூட்டையாகக் கீழ் மாடிக்கு இறங்கின. கட்டிலில் வெள்ளை விரிப்பைச் சுருக்கம் விழாமல் இழுத்துச் செருகினாள்; ஒரு காசைச் சுண்டிப் போட்டால் துள்ளும். மேலே துண்டை விசிறி மாதிரி மடித்து வைத்தாள். பக்கத்து மேஜையில் புதுச் சோப்பு ஒன்று, கவிழ்த்த கண்ணாடி டம்ளர் ஒன்று.

கடைசி மூட்டையை வாங்க வந்த நாத்தனார் எட்டிப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தாள். "அண்ணி, சாவி எங்க வாங்கணும்?"

பளிச்சக்கா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். தலைமுடியை இறுக்கிக் கொண்டையிட்டு, இஸ்திரி போட்ட நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றாள்.

நாலு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது மணி அடித்தது. அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்திருந்தது. லிஃப்ட்காரர் ஸ்பானரோடு அதற்கு அடியில் படுத்துக் கிடந்தார். பளிச்சக்கா கதவைத் திறந்தாள். அதிகாரி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டே, "ஒரு நிமிஷம்," என்று சைகை காட்டிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். அவர் விலகியதும் தெரிந்தாள், குழந்தை. வெட்டிவிட்ட முடி, முழங்காலில் பிளாஸ்திரி, முதுகில் பை.

பளிச்சக்கா மூன்று நாளாக ஒத்திகை பார்த்த அத்தனை வார்த்தையும் மறந்துபோயிற்று. வாய் தானாக, ஓட்டல் குரலில், "வணக்கம். வாங்க. பயணம் சௌகரியமா இருந்ததா?" என்றது.

குழந்தை மரியாதையாகத் தலையாட்டினாள்.

அறையைக் காட்டினாள். குழந்தை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், தொடவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள், பையைக் கழற்றாமலே. பளிச்சக்கா கைகளைக் கோத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஏதாவது குறை தெரிகிறதா என்று அந்த முகத்தையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள் குழந்தை. "நேத்து தங்கின லாட்ஜ விட நல்லா இருக்கு."

பளிச்சக்காவுக்குச் சந்தோஷத்தில் ஒரு விநாடி ஒன்றும் உறைக்கவில்லை.

"இங்க எத்தன மணிக்குக் காலி பண்ணணும்? அங்க காலைல எட்டு மணிக்கே காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"காலி... பண்ணணுமா?"

குளியலறையிலிருந்து லிஃப்ட்காரர் ஸ்பானரும் நனைந்த சட்டையுமாக எட்டிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து சிரித்தார். குழந்தை அவரையும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நம்பிக்கையான ஆளிடம் ரகசியம் கேட்பது போல, பளிச்சக்காவிடம் கேட்டாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு ஒரு அம்மா அப்பாவப் பாக்கப் போறோம்னு சொன்னாங்க. அவங்க எப்ப வருவாங்க? நீங்க அவங்களப் பாத்திருக்கீங்களா?"

பளிச்சக்கா வெள்ளை விரிப்பைப் பார்த்தாள், கவிழ்த்த டம்ளரைப் பார்த்தாள். அவள் தேய்த்த ஒவ்வொரு தேய்ப்பும் அந்தக் கேள்வியில் வந்து முட்டிற்று. பதினேழு வருஷத்து வேலைக்காரி, பிசகே இல்லாமல் வேலை செய்திருக்கிறாள். இந்த வீட்டில் யாரும் இருந்த சுவடே இல்லை. அவளும் இல்லை, அவரும் இல்லை. ஒரு குழந்தைக்கு, தங்கிவிட்டுப் போக ஓர் அறை கொடுத்திருக்கிறாள். இன்னொரு அறை.

அழுதிருக்கலாம். அழுகை வாசல் வரை வந்தும்விட்டது. ஆனால் பளிச்சக்கா அந்த ஜாதி இல்லை. முட்டிபோட்டுக் குழந்தைக்கு நேரே உட்கார்ந்தாள்.

"நான்தான் அந்த அம்மா," என்றாள். "அந்தா, நனஞ்சு நிக்கறாரே, அவர்தான் அப்பா. இது லாட்ஜ் இல்லம்மா, எங்க வீடு. நீ வர்றேன்னு கேட்டதும் எனக்குத் தலகால் புரியல. எல்லாத்தையும் கீழ கொண்டுபோய் ஒளிச்சு வெச்சுட்டேன்."

குழந்தை கண்ணை இடுக்கிப் பார்த்தாள். நம்பவில்லை. இரண்டு வீட்டைப் பார்த்தவள் அவ்வளவு சுலபத்தில் நம்புவாளா?

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"எங்க வெச்சிருக்கீங்க? காட்டுங்க."

அவ்வளவுதான். பளிச்சக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள் என்று சொல்லக் கூடாது, பறந்தாள். பால்கனியில் பேசி முடித்துத் திரும்பிய அதிகாரி, "எங்கம்மா ஓடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். நாத்தனார் கதவைத் திறந்ததும் மூட்டைகளின் மலையைப் பார்த்துக் குழந்தை முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, "அய்யோ!" என்றாள். அது ஆச்சரியத்து அய்யோ.

"இவ்ளோவும் உங்களுதா?"

"இவரோடதுதான் முக்கால்வாசி," என்றாள் பளிச்சக்கா, பின்னாலேயே இறங்கிவந்த வீட்டுக்காரரைக் காட்டி.

பிறகு நடந்ததுதான் கூத்து. ஐந்து பேரும் சாமான் சுமந்தார்கள். அதிகாரி கோப்புக்கட்டை அக்குளில் வைத்துக்கொண்டு, கொடி வளர்ந்த பாட்டிலைக் கையில் ஏந்தி ஏறினார். படி ஏறவும் இறங்கவும் வசதியாக இருக்கட்டும் என்று குழந்தை எப்போது பையைக் கழற்றிப் போட்டாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேள்வி கேட்டாள். இது யாருது? இந்தப் போட்டோல ஏன் முறைக்கறீங்க? ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவள் சொன்ன இடத்தில்தான் காலண்டர் ஏறியது. பிரஷ் இரண்டும் வெளியே வந்தன. ரிமோட் பெட்டி வந்தபோது மட்டும், "இது எதுக்கு?" என்று கேட்டாள்.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அவளுடைய பார்வையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "தூக்கிப் போட்டுரலாம்," என்றார். மூன்று நாளாகப் பளிச்சக்கா கரடியாகக் கத்தியும் ஆகாதது ஒரு நிமிஷத்தில் ஆயிற்று.

"தூசு இருக்கற பெட்டியெல்லாம் மேல கொண்டு வராதீங்க," என்று குழந்தை நாத்தனாருக்கும் ஓர் உத்தரவு போட்டாள். "எனக்கு இளைக்கும்."

"சரிங்க மேடம்," என்றாள் நாத்தனார். "ஆனா நான் அத்தை. ஞாபகம் இருக்கட்டும்."

பளிச்சக்கா கட்டிலுக்கு வந்தாள். தான் செருகிய விரிப்பின் மூலையைத் தானே பிடித்து உருவி எறிந்தாள். "ஏறு," என்றாள். குழந்தை ஒரு தடவை யோசித்தாள். பிறகு ஏறி, குதித்தாள். இன்னும் உயரமாகக் குதித்தாள். திறந்த ஜன்னலில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அத்தனை குதித்தும் அவளுக்கு இளைப்பு வரவில்லை. மூச்சு மட்டும் சிரிப்பில் வாங்கியது. பளிச்சக்கா வாசலில் நிற்காமல் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்கு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்குப் பார்த்துவிட்டுப் போவதுதான் முறை, தங்க முடியாது. பளிச்சக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தை அப்போது பால்கனியிலிருந்து துணிக் கிளிப் அத்தனையையும் அள்ளிவந்து, அறை நடுவில் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். நாற்பது கிளிப் இருக்கும். சிவப்பு எல்லாம் ஒரு பக்கம், பச்சை எல்லாம் ஒரு பக்கம், நடுவில் ஒரே ஒரு மஞ்சள்.

"கிளம்பலாமா?" என்றார் அதிகாரி.

குழந்தை எழுந்தாள். முகம் சுருங்கவில்லை. விரலை நீட்டி, ஓட்டல் மேனேஜருக்கே வராத அதிகாரத்தோடு சொன்னாள்.

"இன்னும் முடியல. இத யாரும் எடுக்கக் கூடாது. கூட்டக் கூடாது. நான் வந்து முடிப்பேன்."

அதிகாரி குனிந்து கோப்பில் எதையோ எழுதினார். எழுதி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அடுத்த சனிக்கிழம கூட்டிட்டு வர்றேன்மா," என்றார் பளிச்சக்காவிடம். "பேப்பர் எல்லாம் எடுத்து வைங்க. தங்கறதுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், நல்ல காற்று. பளிச்சக்கா விரிப்பையும் அவர் சட்டைகளையும் துவைத்துப் பால்கனிக் கொடியில் போட்டாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கீழ் மாடியிலிருந்து நாத்தனாரின் கத்தல் கேட்டது.

"அண்ணி! அண்ணன் சட்ட பறந்து வந்து என் அடுப்பங்கரைல விழுந்து கெடக்கு! உங்க வீட்ல ஒரு கிளிப் கூடவா இல்ல?"

பளிச்சக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் குனிந்தாள். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் குரல் எழும்பிற்று.

"இருக்கு! நாப்பது இருக்கு! எடுக்கக் கூடாதுன்னு என் பொண்ணு சொல்லியிருக்கா!"